இதயத்துக்கு மூலிகையும் சத்து மாத்திரையும்: ஸ்டாட்டினை நிறுத்தலாமா என்று அப்பா கேட்கிறார்

மழைக்காகம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையான அடோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், அம்லோடிபின், அதோடு குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை. ஒழுங்காகத்தான் போட்டுவந்தார். மூன்று நான்கு மாதமாக மனசு மாறிவிட்டது. "இத்தனை மாத்திரை உடம்புக்கு ஆகாது, இயற்கையாகவே சரி பண்ணிக்கொள்ளலாம்" என்கிறார். தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்ல, அலமாரியில் பூண்டு கேப்சூல், மீன் எண்ணெய், மருதம்பட்டைப் பொடி, சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஸ்டாட்டினை விட்டுவிட்டு இவற்றை மட்டும் தொடரலாமா என்று தினமும் கேட்கிறார்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. முன்பு 130-ஐ ஒட்டி இருந்த பிபி இப்போது 158/94, 162/96 என்று காட்டுகிறது. அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10-க்கு ஏற்றியும் இறங்கவில்லை. ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.

இவற்றில் எது உதவும், எது ஆபத்து? அவரிடம் சண்டை போடாமல் எப்படிச் சொல்வது?

நாடித்துடிப்பு எழுதியது:

நான் மருந்தாளுநர். இருபது வருடமாக மருந்துச் சீட்டுகளோடுதான் என் பிழைப்பு. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஸ்டாட்டினை நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவருக்கு அதைக் கொடுப்பது ரத்தப் பரிசோதனையில் கொழுப்பின் அளவைக் குறைக்க மட்டுமில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்து அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான்.

2022-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் இதே கேள்வியைச் சோதித்துப் பார்த்தார்கள். 190 பேர். ஒரு குழுவுக்கு ரோசுவாஸ்டாட்டின் வெறும் 5 மில்லிகிராம். மற்ற குழுக்களுக்கு மீன் எண்ணெய், பூண்டு, இலவங்கப்பட்டை, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஒவ்வொன்று. கடைசிக் குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. 28 நாள் கழித்து ஸ்டாட்டின் குழுவில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு சுமார் 38 சதவீதம் இறங்கியிருந்தது. மற்ற ஆறில் எதுவும் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை.

சிவப்பு ஈஸ்ட் அரிசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பா ஸ்டாட்டின் வேண்டாம் என்கிறார். ஆனால் அந்த மாத்திரைக்குள் இருப்பதே ஒரு ஸ்டாட்டின்தான். 1979-ல் அகிரா எண்டோ என்ற ஜப்பானிய அறிவியலாளர் அந்த அரிசியை நொதிக்கவைக்கும் பூஞ்சை வகையிலிருந்து மொனகோலின் கே என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவும் 1987-ல் மருந்தாக அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டினும் ஒரே மூலக்கூறு. இப்போது அப்பா அடோர்வாஸ்டாட்டினும் போடுகிறார், அதற்கு மேல் இதையும் போடுகிறார் என்றால் இரண்டு ஸ்டாட்டின் உள்ளே போகிறது. தசையும் கல்லீரலும் தாங்காது. அதை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒரு கேள்வி. பிபி ஏறுவதும் கால் இழுப்பதும் சேர்ந்து வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் எழுதியவை தவிர வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா? மருந்து என்று அவரே நினைக்காத எதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். இருமலுக்கு, செரிமானத்துக்கு, தூக்கத்துக்கு, மூட்டுவலிக்கு, கசாயம், லேகியம், பொடி, தேநீர் எதுவானாலும்.

பழையபேனா எழுதியது:

எனக்கு 58. ஆறு வருடமாகப் பூண்டு சாப்பிடுகிறேன், தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், கொழுப்பு நன்றாகவே இறங்கியது. எனக்கு வேலை செய்தது. எல்லாவற்றையும் ஒரே அடியாகத் தள்ள வேண்டாம்.

வேர்ப்பிடிப்பு எழுதியது:

நான் மூலிகை மருத்துவம் முறையாகப் படித்தவன். நாடித்துடிப்பு சொன்னதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம். ஸ்டென்ட் வைத்தவர் ஸ்டாட்டினை நிறுத்தக் கூடாது, நானும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 2022 சோதனைக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டாட்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஆஸ்ட்ராஸெனெகா என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 28 நாள் என்பதும் குறுகிய காலம்.

மூலிகை என்றால் வேலையே செய்யாது என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே வலிக்கும். நவீன இதய மருத்துவம் எழுந்து நின்றதே செடிகளின் மேல்தான். உடல் வீங்கும் நோய்க்கு ஒரு மூதாட்டி கொடுத்துவந்த மருந்தில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. அத்தனைக்குள்ளும் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் செடிதான் என்று கண்டுபிடித்து, பத்து வருடம் நோயாளிகளிடம் அளந்து பார்த்து, 1785-ல் எழுதி வெளியிட்டார் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங். இதயத்துக்கு இன்றும் கொடுக்கப்படும் டிகாக்சின் மாத்திரை அந்தச் செடியின் குடும்பத்திலிருந்து வந்ததுதான். சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார் ருஸ்தம் ஜால் வகீல் என்ற மருத்துவர். 1952-ல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. உலகம் முழுக்கப் பல வருடம் அது முக்கியமான பிபி மருந்துகளில் ஒன்று.

மருதம்பட்டையைப் பற்றி: இதயம் பலவீனமானவர்களிடம் சிறு சோதனைகள் நடந்திருக்கின்றன. சிலவற்றில் மூச்சுவாங்கல் குறைந்து நடக்கும் திறன் கூடியது. இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு எல்லாச் சோதனைகளிலும் கூடவில்லை. ஆயிரக்கணக்கானவர்களை வைத்து நடத்தும் பெரிய சோதனை இன்னும் நடக்கவில்லை. காப்புரிமை வாங்க முடியாத மரப்பட்டைக்கு அவ்வளவு செலவு செய்ய யார் வருவார்கள்? சோதித்து நிரூபிக்கவில்லை என்பது வேறு, பயனில்லை என்று நிரூபித்துவிட்டார்கள் என்பது வேறு.

நாடித்துடிப்பு எழுதியது:

ஐயா, பணம் பற்றி நீங்கள் சொன்னது நியாயம், நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். அதனால் வேறொன்றைச் சொல்கிறேன். 2007-ல் ஸ்டான்ஃபோர்டில் பூண்டை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள். 192 பேர், ஆறு மாதம். பச்சைப் பூண்டு ஒரு குழுவுக்கு, இரண்டு விதப் பூண்டு மாத்திரைகள் இரு குழுக்களுக்கு, வெற்று மாத்திரை ஒரு குழுவுக்கு. மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தும் எல்டிஎல் எந்தக் குழுவிலும் அசையவில்லை. வேறு சில சோதனைகளில் சிறிய இறக்கம் தெரிந்திருக்கிறது, பிபியும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆக, பூண்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. சமையலில் எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும். செறிவான கேப்சூலை ஆஸ்பிரினோடு சேர்க்கும்போதுதான் கவனம் வேண்டும், இரண்டுமே ரத்தத்தட்டுகள் ஒட்டிக்கொள்வதைக் குறைப்பவை. ஆபரேஷன் என்றால் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

பழையபேனா அண்ணா, உங்களுக்கு இறங்கியதில் அந்த ஒரு மணி நேர நடைக்கு எவ்வளவு பங்கு, பூண்டுக்கு எவ்வளவு பங்கு என்று உங்களாலும் பிரிக்க முடியாது, என்னாலும் முடியாது. நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மாலைநேரம் எழுதியது:

என் அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

அம்மாவுக்கு உலோக இதய வால்வு. ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை. அந்த மாத்திரை வேலை செய்கிறதா என்று ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள், எண் இறங்கினால் ரத்தம் எளிதாக உறையும், ஏறினால் கசியும். அம்மாவுக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஏழு வருடம் அப்படியே இருந்தது. ஒரு மாதம் திடீரென்று 1.4. டோஸை ஏற்றினார்கள், அடுத்த வாரம் 1.5. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று அம்மாவிடமே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அம்மா அழுதுவிட்டார். தவறாமல் போடுகிறவரைப் பொய் சொல்கிறார் என்பதுபோலக் கேட்டால் எப்படி இருக்கும்?

கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். தெம்புக்காக என்று நானே வாங்கிக்கொடுத்த பச்சை இலைப் பொடி. காலையில் தண்ணீரில் கலக்கிக் குடித்துவந்தார். அதில் வைட்டமின் கே நிறைய. வார்ஃபரின் வேலை செய்வதே வைட்டமின் கே-யைத் தடுத்துத்தான். ஒரு கையால் பூட்டி இன்னொரு கையால் திறந்துகொண்டிருந்தோம். வால்வில் ரத்தம் உறைந்திருந்தால் பக்கவாதம் வந்திருக்கும்.

பொடியை நிறுத்தியதும் இன்னொரு சிக்கல். ஏற்றிவைத்த டோஸ் அப்படியே இருந்ததால் ஐஎன்ஆர் 5-ஐத் தாண்டியது, ஈறில் ரத்தம் கசிந்தது. நிறுத்துவதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

நாடித்துடிப்பு எழுதியது:

மாலைநேரம் அக்கா, அந்தக் கடைசிப் பத்தியை எல்லோரும் இரண்டு முறை படிக்க வேண்டும். வார்ஃபரின் போடுகிறவர்கள் கீரையையே தொடக் கூடாது என்பதில்லை, தினமும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் டோஸை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும்தான் ஆபத்து. ஜின்செங் மூலிகை, கோஎன்சைம் க்யூ10 என்ற சத்து மாத்திரை இரண்டும் வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கக்கூடியவை. மனச்சோர்வுக்கு விற்கிற செயின்ட் ஜான்ஸ் வொர்ட் இன்னும் மோசம். கல்லீரலும் குடலும் மருந்துகளை வெளியேற்றும் வேகத்தையே அது கூட்டிவிடும். வார்ஃபரின், டிகாக்சின், சிம்வாஸ்டாட்டின் எல்லாம் ரத்தத்தில் குறைந்துவிடும். மாத்திரை போட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், பலன் மட்டும் குறைந்துபோகும்.

நெடுவழி எழுதியது:

எனக்கு ஸ்டாட்டின் போட்டால் தொடை வலிக்கிறது. அதனால் நானே சிவப்பு ஈஸ்ட் அரிசிக்கு மாறி எட்டு மாதம் ஆகிறது. கொழுப்பும் கட்டுக்குள் இருக்கிறது, வலியும் இல்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

மீன் எண்ணெயும் போடுகிறேன், தினம் ஒரு கிராம். அதையாவது தொடரலாமா?

நாடித்துடிப்பு எழுதியது:

உங்கள் வலியை யாரும் இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஆனால் 2020-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். இப்படி வலியால் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு ஒரு மாதம் ஸ்டாட்டின், ஒரு மாதம் வெற்று மாத்திரை, ஒரு மாதம் எதுவுமே இல்லாமல் என்று மாற்றி மாற்றி ஒரு வருடம் கொடுத்தார்கள். மாத்திரை போட்ட மாதங்களில் எது ஸ்டாட்டின், எது வெற்று என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதத்தில் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதத்திலும் வந்தது. வலி நிஜம், உடம்பு நிஜமாகவே வலித்தது. காரணம்தான் பெரும்பாலானோருக்கு மருந்தின் வேதிப்பொருள் இல்லை. முடிவு தெரிந்தபின் அவர்களில் பாதிப் பேர் மறுபடியும் ஸ்டாட்டினுக்குத் திரும்பினார்கள்.

சிவப்பு ஈஸ்ட் அரிசியில் உங்களுக்குக் கொழுப்பு இறங்கியது என்றால் அதில் மொனகோலின் கே கணிசமாக இருக்கிறது, நீங்கள் குறைந்த டோஸ் லோவாஸ்டாட்டின் போடுகிறீர்கள் என்று அர்த்தம். அடுத்த புட்டியில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் ஒரு நாளைக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. உங்கள் டாக்டரிடம் இதைச் சொன்னால் அவர் குறைந்த டோஸிலோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ, வேறு வகை ஸ்டாட்டினோ தருவார். ஸ்டாட்டின் வகையே இல்லாத எசெடிமைப் என்ற கொழுப்பு மாத்திரையும் இருக்கிறது.

மீன் எண்ணெய் பெரிய கதை. ஒரு கிராம் அளவை 25,871 பேரிடம் ஐந்து வருடத்துக்கு மேல் சோதித்தார்கள், 2018-ல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவான குறைவு இல்லை. அதே வருடம் இன்னொரு சோதனை: ட்ரைகிளிசரைட் என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு அதிகமாக இருந்த, ஏற்கெனவே ஸ்டாட்டின் போடுகிற 8,179 பேர். மீன் எண்ணெயிலிருந்து எடுத்துத் தூய்மையாக்கிய ஐகோசபென்ட் எத்தில் என்ற மருந்து தினம் 4 கிராம். இதயப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. ஒப்பிடுவதற்குக் கொடுத்த கனிம எண்ணெயே மற்றக் குழுவுக்குக் கெடுதல் செய்திருக்கலாம் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. 2020-ல் வேறொரு வகை மீன் எண்ணெயை 13,078 பேரிடம் அதே 4 கிராம் கொடுத்தபோது பலனில்லை என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். 4 கிராம் கொடுத்த இந்த இரண்டிலும் ஒரு விஷயம் பொது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாறுமாறான இதயத்துடிப்பு மீன் எண்ணெய் குழுவில் கூடுதல். ஆகவே கடையில் வாங்குகிற கேப்சூலை நாமே நான்காக்கிப் போடுவது அந்த மருந்தைப் போடுவதாகாது.

வைட்டமின் ஈ-க்கும் இதே கதிதான். 2000-ல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தினம் 400 யூனிட் கொடுத்துப் பார்த்ததில் பலனில்லை. அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது இதயச் செயலிழப்பு சற்றுக் கூடியிருந்தது. க்யூ10 பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. இதயம் பலவீனமான 420 பேரிடம் இரண்டு வருடம் நடந்த சோதனை, 2014-ல் வந்தது, மோசமான நிகழ்வுகள் வெற்று மாத்திரைக் குழுவில் 26 சதவீதம், க்யூ10 குழுவில் 15 சதவீதம். இன்னும் பெரிதாக ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

நான் மூலிகைப் பொருட்களைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இங்கே எல்லோரும் "இந்த மூலிகை நல்லதா" என்று பேசுகிறீர்கள். என் மேசைக்கு வரும்போது முதல் கேள்வியே "இது அந்த மூலிகைதானா" என்பதுதான்.

ஒரு பொடியை நுண்ணோக்கியில் வைத்தால் பட்டைக்கும் இலைக்கும் வேருக்கும் செல் அமைப்பு வேறு வேறாகத் தெரியும். புட்டியின் மேல் வேர் என்று எழுதியிருக்கும், உள்ளே இலைத் துணுக்குகளும் மாவும் கிடக்கும். அது ஏமாற்று, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்தானது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். எடை குறைய என்று தெஹோகோட்டே வேர் என்ற பெயரில் அமெரிக்காவில் இணையத்தில் விற்றார்கள். அது இதயத்துக்குக் கொடுக்கிற ஹாதார்ன் செடியின் ஒன்றுவிட்ட உறவு. ஒரு குழந்தை அதைத் தின்று மருத்துவமனைக்குப் போனபின் அந்தப் பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். பலவற்றில் இருந்தது மஞ்சள் அரளி. 2023-ல் அந்த நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் அதை வெளியிட்டது. அரளியின் நஞ்சு இதயத்தைத் தாக்குவது டிகாக்சின் போன்ற அதே வழியில்தான். துடிப்பு மெதுவாகி, தாறுமாறாகி, நின்றும் போகலாம்.

உலோகங்கள் வேறு. 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் பிபியை ஏற்றும். பிபிக்காக வாங்கும் பொடியே அதைச் செய்தால்?

சிவப்பு ஈஸ்ட் அரிசி சரியாக நொதிக்காவிட்டால் சிட்ரினின் என்ற பூஞ்சை நஞ்சு வரும், சிறுநீரகத்துக்குக் கேடு. 2024-ல் ஜப்பானில் அந்த மாத்திரை சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. அதில் காரணம் என்று சுட்டப்பட்டது பியூபெருலிக் அமிலம், வேறொரு பூஞ்சை கலந்ததால் வந்தது. நெடுவழி, தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

கூச்சப்பட்டு யாரும் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஆண்மைக்கு மூலிகை என்று விற்கும் மாத்திரைகளில் வயாக்ராவில் உள்ள சில்டெனாஃபில் கலந்திருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் தடாலென்று விழுந்து உயிரே போகலாம்.

வேர்ப்பிடிப்பு எழுதியது:

இது எங்களுக்கும் வேதனைதான். எங்கள் ஆசிரியர் மூலிகையை முகர்ந்து, உடைத்து, நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஒரு பிடி கூட உள்ளே விட மாட்டார். எத்தனை நாள் கொடுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் மருந்தின் ஒரு பாகம். புட்டியில் அடைத்து யார் வேண்டுமானாலும் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விற்கும்போது அந்தப் பாகம் காணாமல் போய்விடுகிறது.

குக்குலு என்ற மரப்பிசினைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கொழுப்பைக் குறைக்கும் என்று நாங்கள் நம்பிவந்தோம். 2003-ல் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்ததில் எல்டிஎல் குறையாமல் சற்று ஏறியது. அதற்குப் பிறகு நான் கொழுப்புக்காக அதைக் கொடுப்பதில்லை.

மழைக்காகம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாடித்துடிப்பு கேட்ட கேள்வியை அப்பாவிடம் அப்படியே கேட்டேன். "வேறு எதுவும் இல்லை" என்றார். அம்மாதான் சமையலறையிலிருந்து, "அந்தத் தொண்டைப் பொடி?" என்றார்.

அதிமதுரப் பொடி. தொண்டை வறட்சிக்கு என்று ஆரம்பித்தது. அது மருந்தே இல்லை என்று அப்பா நினைத்ததால் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. டப்பாவைத் திறந்தேன், மஞ்சள் நிறப் பொடி, பாதிக்கு மேல் காலி, உள்ளேயே ஒரு கரண்டி. எவ்வளவு எடுப்பார் என்று காட்டச் சொன்னேன். கோபுரமாக ஒரு கரண்டி அள்ளினார். தராசில் வைத்தேன்: 5 கிராம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, வாயில் போட்டுச் சப்பிச் சாப்பிடுகிறார். அம்மா காலண்டரைப் பார்த்து நாள் சொன்னார், மூன்றரை மாதம். பிபி நோட்டை எடுத்து ஒத்துப்பார்த்தேன். அதுவரை 128, 132, 130. மூன்றாவது வாரத்திலிருந்து ஏற ஆரம்பிக்கிறது.

இதுதானா?

நாடித்துடிப்பு எழுதியது:

இதுவாகத்தான் இருக்கும். இன்றே பொடியை நிறுத்திவிட்டு, நாளைக்குத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய் ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்து, இசிஜியும் எடுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். போகும் வழியில் மயக்கம், படபடப்பு வந்தால் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நம் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இருக்கிறது. அது சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் வேலையைச் செய்துவிடாதபடி ஒரு நொதி அதை அங்கே செயலிழக்கச் செய்துகொண்டே இருக்கும். அதிமதுரத்தில் இருக்கும் கிளிசிரைசின் அந்த நொதியை அடக்கிவிடும். கார்ட்டிசால் தடையில்லாமல் புகுந்து உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிபி ஏறும், தசை இழுக்கும். அப்பா போடும் குளோர்தாலிடோனும் பொட்டாசியத்தை வெளியேற்றும் மாத்திரை. இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன. பொட்டாசியம் ரொம்ப இறங்கினால் இதயத்துடிப்பே குலைந்துவிடும். 2020-ல் அமெரிக்காவில் 54 வயதுக்காரர் ஒருவர் இறந்ததை மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். தினமும் ஒன்றரைப் பை அதிமதுர மிட்டாய், சில வாரம், அவ்வளவுதான்.

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளிசிரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வெகுநாளாகச் சொல்லப்படும் வரம்பு. அந்த 100-லேயே பிபி ஏறுகிறது என்று 2024-ல் ஸ்வீடனில் ஒரு சோதனை காட்டியது. வேரில் அது எவ்வளவு இருக்கும் என்பது வேருக்கு வேர் பல மடங்கு மாறும். நூற்றுக்கு 4 பங்கு என்று வைத்துக்கொண்டாலே 10 கிராம் பொடியில் 400 மில்லிகிராம்.

வேர்ப்பிடிப்பு எழுதியது:

அதிமதுரம் நல்ல மருந்து. நானும் கொடுக்கிறேன், சில நாட்களுக்கு மட்டும், சிறிய அளவில், பிபி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு. இதயநோயாளிக்கு மூன்றரை மாதம் தினம் 10 கிராம் என்பதை எந்த முறையாகப் படித்தவரும் எழுதிக்கொடுத்திருக்க மாட்டார். மருதம்பட்டையையும் இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தால் எது என்ன செய்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. சீக்கிரம் கிளம்புங்கள்.

மழைக்காகம் எழுதியது:

பொட்டாசியம் 2.9, ரொம்பக் குறைவாம். இசிஜியிலும் மாற்றம் இருக்கிறது என்றார்கள். இரண்டு நாள் உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பொட்டாசியம் ஏற்றுகிறார்கள். நீர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

கை நடுங்குகிறது, அப்புறம் எழுதுகிறேன்.

மாலைநேரம் எழுதியது:

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் தம்பி. தைரியமாக இருங்கள். அப்பாவைக் குற்றம் சொல்லும் பேச்சு இப்போது யாரும் பேச வேண்டாம், அவரும் பயந்துதான் போயிருப்பார்.

பழையபேனா எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் என் அலமாரியைத் திறந்தேன். பிபிக்கு லோசார்டான் போடுகிறேன். உப்பைக் குறைக்க என்று நான்கு மாதமாக, சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பு. இது நல்லதுதானே?

நாடித்துடிப்பு எழுதியது:

பலருக்கு மிக நல்லது அண்ணா. 2021-ல் சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்த சோதனையில் அந்த உப்பு பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது. ஆனால் லோசார்டான் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் மாத்திரை. உங்களுக்குச் சிக்கல் இந்த அப்பாவுக்கு நேரெதிர்த் திசையில் வரலாம், கூடிப்போகலாம். சிறுநீரகம் சரியாக இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஒருமுறை பார்த்துவிட்டு டாக்டரைக் கேட்டுத் தொடருங்கள்.

மழைக்காகம் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அப்பா நன்றாக இருக்கிறார். பொட்டாசியம் 4.3. பொடியை நிறுத்தியதும் பிபி உடனே இறங்கவில்லை, முதல் பத்து நாள் அப்படியே நின்றது. அந்த நொதி பழைய நிலைக்கு வரச் சில வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். இப்போது 132/80. அம்லோடிபின் மறுபடியும் 5-க்கு வந்துவிட்டது. ராத்திரி தூங்குகிறார்.

நான் பயந்த அளவுக்குப் பேச்சு கடினமாகவும் இல்லை. இதய டாக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். "மாத்திரை அதிகம் என்று உங்களுக்குத் தோன்றுவது நியாயம், ஒவ்வொன்றும் எதற்கு என்று நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. ஸ்டாட்டின் தொடர்கிறது. சிவப்பு ஈஸ்ட் அரிசி, பூண்டு கேப்சூல், மீன் எண்ணெய் மூன்றையும் அவரே குப்பையில் போட்டார். மருதம்பட்டை இப்போது வேண்டாம், மூன்று மாதம் எல்லாம் நிலையாக இருந்தால் அப்போது பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இயற்கையாக ஏதாவது ஒன்று வேண்டும் என்று அப்பா பிடிவாதமாகக் கேட்டதில் டாக்டர் இசப்பகோலுக்குச் சரி சொன்னார். அந்த நார் எல்டிஎல்லைக் கொஞ்சம் குறைக்கும் என்பது நன்றாகச் சோதிக்கப்பட்டது என்றார். மலச்சிக்கலுக்கும் ஆகும்.

பிபி நோட்டின் பின்பக்கம் அப்பா ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். மாத்திரை பெயர், அளவு, ஆரம்பித்த தேதி. கடைசி வரியில் "அதிமதுரம், 5 கிராம், இரு வேளை" என்று எழுதி அடித்து, நிறுத்திய தேதியைப் பக்கத்தில் போட்டிருக்கிறார்.

அவர் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: இசப்பகோலை ராத்திரி மாத்திரைகளோடு சேர்த்தே சாப்பிட்டுவிடலாமா?

நாடித்துடிப்பு எழுதியது:

சேர்த்து வேண்டாம் ஐயா. அந்த நார் குடலில் கூழாகி மாத்திரையையும் தனக்குள் பிடித்துக்கொள்ளும். மாத்திரைக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். காலை மாத்திரை எட்டு மணிக்கு, ராத்திரி மாத்திரை ஒன்பது மணிக்கு என்றால் இசப்பகோல் மாலை ஐந்து மணிக்கு. ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். பொடியாக வாயில் போடவே கூடாது, தொண்டையில் ஊதி அடைத்துக்கொள்ளும். முதல் வாரம் ஒரு தேக்கரண்டி மட்டும், வயிறு பழகியபின் கூட்டலாம். பட்டியலில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.